கால் அங்குலம்

2014 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை விடிய முன்னரே, மொன்றியலிலிருந்து பதின்மூன்று பெண்கள் மூன்று கார்களில் எல்லையைக் கடந்து வெர்மொண்ட் மாநிலத்துக்குப் போனோம். பெனிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு போர்வையைப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் சில கிழமைகளுக்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பார்கள். மிச்ச நாளெல்லாம் அது இருட்டில் கிடக்கும். வெளிச்சம் பட்டால் பழைய பருத்தியின் நிறம் போய்விடும், இழையும் நைந்துவிடும்.

குவில்ட் என்று இங்கே சொல்கிற போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே, துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த முகம். நடுவில் பஞ்சு. அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்துவிட்டால் அது குவில்ட். நாங்கள் பார்க்கப் போனது ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண் தைத்தது. 1817இல் பிறந்தவர். பெனிங்டனுக்குப் பக்கத்து ஊரான ஷாஃப்ட்ஸ்பரியில் வாழ்ந்தவர். நாலரை அங்குலச் சதுரங்கள் 169, வரிசைக்குப் பதின்மூன்றாகப் பதின்மூன்று வரிசை. சுற்றிவர 52 முக்கோணங்கள், நான்கு மூலைகள். பச்சை ஓரம் அலை அலையாக வளைந்து போகிறது. ஒரு சதுரத்தைப் போல இன்னொன்று இல்லை. ஒரு மூலையில், போர்க்காலத்தில், 1863, துண்டுகள் 5602 என்று பொறித்துத் தன் பெயரையும் இட்டிருக்கிறார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம் அது. அந்த வருடம் யூலையில் வெர்மொண்ட் படையணிகள் கெட்டிஸ்பேர்க் களத்தில் நின்றன. ஊரிலிருந்த ஒரு பெண் துண்டுகளை எண்ணியிருக்கிறார்.

மற்றவர்கள் நெருங்கிப்போய் எந்தத் துணி, எந்தக் கோணம் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மூலையை விட்டு நகரவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முக்கோணங்களும் மூலைகளும் சேர்த்து 225 கட்டம், 5602 துண்டு, போர்க்காலம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"வெளிச்சத்துக்கு என்ன செய்தவவாம்?"

மெழுகுதிரி இருந்திருக்கும், மண்ணெண்ணெய் விளக்கும் அந்தக் காலத்தில்தான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது என்றேன். அம்மா தலையாட்டினா. "மண்ணெண்ணெய் கிடைச்சிருந்தால் தைக்கலாம்தான்."

அம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தையல்காரியாக இருந்தவ. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, எரிபொருள் தடைப்பட்ட பிறகும் அவவின் கால்மெசின் நிற்கவில்லை. மிதித்தால் ஓடுகிற சிங்கர். அதற்கு மின்சாரம் தேவையில்லை, கண்ணுக்குத்தான் வெளிச்சம் தேவை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், சின்னத் திரி. அந்த விளக்கைத்தான் மெசின் பலகையில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்திருப்பா. ஒரு விளக்கில் நான் படிக்கவேண்டும், அவ தைக்கவேண்டும். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிகளை நிறம் பிரித்துக் கட்டி வைத்திருப்பா. தலையணை உறையாகவும், பிறந்த பிள்ளைகளுக்கு விரிப்பாகவும் அவை மாறிப் போகும். எத்தனை துண்டு என்று அவ எண்ணியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை நூல்கட்டை மிச்சம் என்றுதான் எண்ணுவா.

ஒட்டுப் போட்ட துணி எங்கள் ஊரில் இல்லாமையின் அடையாளம். நான் துண்டு பொருத்துகிறேன் என்று கேள்விப்பட்டு, ரொறன்ரோவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் "கடையிலை போர்வை விக்கேல்லையோ?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நைந்த இடத்தை மறைக்கப் போடுகிற ஒட்டு வேறு, ஒரு உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு அறுபது பாகையில் வெட்டுகிற துண்டு வேறு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பவர்களுக்கு விளங்கப்படுத்த நான் இன்றைக்கும் சலிப்பதில்லை.

பெனிங்டனிலிருந்து திரும்பி வரும்போதே முடிவாகிவிட்டது. ஜேனின் போர்வையை நாங்களும் தைப்பது. பிரெண்டா பப்படாகிஸ் என்பவர் அதன் கட்டங்களையெல்லாம் வரைந்து 1996இல் புத்தகமாகப் போட்டிருந்தார். அதன் பிறகு எத்தனையோ நாட்டுப் பெண்கள் அதைத் தைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவர் ஒன்றை முழுமையாகத் தைப்பார், பல வருடம் எடுக்கும். நாங்கள் பதின்மூன்று பேர், வரிசையும் பதின்மூன்று. ஆளுக்கு ஒரு வரிசை, ஓரத்தில் ஆளுக்கு நான்கு முக்கோணம். மூலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணக்கு சரியாக வந்ததைப் பார்த்து எல்லோரும் கை தட்டினோம். சுகமாக முடியும் என்று நினைத்தோம்.

குழப்பம் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது.

குவில்ட் தைப்பவர்கள் எல்லோரும் தையலுக்கு விடுகிற ஓரம் கால் அங்குலம். ஆனால் கால் அங்குலம் ஆளுக்கு ஆள் வேறு. ஊசி இறங்குகிற இடம், மெசின் பாதத்தின் அகலம், துணியைத் தள்ளுகிற கை எல்லாம் அதை மாற்றும். துணி மடிகிற இடத்திலும் ஓர் இழை அகலம் மடிப்புக்குள் போய்விடும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தைத்தால்தான் கால் அங்குலம் வரும். ஒருவரே முழுவதையும் தைத்தால் அவருடைய பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். பதின்மூன்று பேர் தைத்தால் பதின்மூன்று விதமான பிழை. ஒரு கட்டத்தில் பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. பதின்மூன்று கட்டத்தைச் சேர்த்தால் முக்கால் அங்குலத்துக்கு மேல் வந்துவிடும்.

எங்களில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருந்தார். முதல் மாதம் அவர் எங்களை ஒரு கட்டமும் தைக்க விடவில்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தை, அழுத்து, அள. மூன்றும் சேர்ந்து மூன்றரை அங்குலம் இருக்கவேண்டும், நடுப்பட்டி சரியாக ஒரு அங்குலம் இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் தேவாலயத்தின் நிலவறையில் கூடுவோம். நான்கு செவ்வாய் இதைத்தான் செய்தோம். இரண்டு பேர் கோபித்தார்கள். எனக்கு நான்காவது கிழமைதான் நடுப்பட்டி ஒரு அங்குலத்தில் நின்றது. மெசின் தட்டில் ஊசியிலிருந்து அளந்து ஒரு ஒட்டுப்பட்டியை ஒட்டினேன். அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

இன்னொருவருக்கு வயது எண்பத்தொன்று. கை நடுக்கம் வந்ததால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. தன் வரிசையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். ஆனால் ஸ்திரிக்கைப் பெட்டியின் பாரத்தில் அவருடைய கை நடுங்காமல் நின்றது. அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அன்றிலிருந்து எல்லோருடைய கட்டங்களையும் அவரே அழுத்தினார். பெட்டியை இழுக்கமாட்டார். வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து. இழுத்தால் துணி நீளும். அவருடைய வரிசையின் கட்டங்களை மற்றவர்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றாகத் தைத்தோம், பதின்மூன்றாவதைக் கணக்கு ஆசிரியை எடுத்தார். என் எண்ணத்தில், எங்கள் போர்வை ஓரளவுக்காவது சமனாக வந்ததற்குப் பாதிக் காரணம், அழுத்தியது ஒரே கை என்பதுதான்.

நாலரை அங்குலச் சதுரத்துக்குள் சராசரியாக இருபத்தைந்து துண்டு. சில துண்டுகள் என் சின்னவிரல் நகத்தின் அளவு. அவற்றைக் கையில் பிடித்துத் தைக்க முடியாது. கட்டத்தின் படத்தைக் கடதாசியில் வரைந்து, துணியைக் கடதாசிக்குப் பின்னால் வைத்து, கோட்டின் மேல் தையல் ஓட்டவேண்டும். தையலை மிகக் குட்டையாக வைத்தால் கடதாசி துளைபட்டுப் பிறகு சுலபமாகக் கிழியும். படம் முன்னால், துணி பின்னால் என்பதால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி வரும். முதல் மூன்று கட்டங்களில் எனக்குத் தலை சுற்றியது. பழகிய பிறகு எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. துணி கோடு பிசகாமல் நிற்கும், கிராஸில், அதாவது இழைக்குச் சரிவாக வெட்டிய இடத்தில், இழுபடாது.

அப்படி இருந்தும் நான் ஒன்பது கட்டங்களைக் கடதாசி இல்லாமலே தைத்தேன். அவை பெரிய துண்டுகள் உள்ள கட்டங்கள், கையாலேயே பிடிக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஒன்பதிலும் அம்மாவின் பழைய நூல்சீலை ஒன்றின் துண்டுகள் இருந்தன. கருஞ்சிவப்பு. சாயம் விடும் என்று தெரியும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வதை நம்பி இரவு முழுக்க ஊறவைத்தேன். நிற்கவில்லை. தண்ணீர் தெளியும்வரை ஏழு தரம் அலசினேன், அதுதான் வேலை செய்தது. அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று நான் குழுவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

2016 மார்ச்சில் வரிசைகளை நிலத்தில் விரித்தோம். கட்டங்களுக்கு நடுவில் அரை அங்குலப் பட்டிகள் வைத்துத் தைத்திருந்தோம். இரண்டு முனையிலும் தையலுக்கு விடுகிற ஓரத்தைச் சேர்க்காமல் ஒவ்வொரு வரிசையும் அறுபத்துநாலரை அங்குலம் வரவேண்டும். கணக்கு ஆசிரியை அளவுநாடாவோடு முழந்தாளில் போனார். பத்து வரிசைகள் கால் அங்குல வித்தியாசத்துக்குள் நின்றன. ஒன்று அரை அங்குலம் குறைவு. ஒன்று முக்கால் அங்குலம் குறைவு. என்னுடையது அறுபத்தைந்தே கால். எல்லாவற்றையும் விட நீளம், அதுவும் ஒரு சீராக இல்லை. சிவப்புத் துணி உள்ள கட்டங்கள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றன.

தாதியாக வேலை செய்யும் ஒருவர் என் வரிசைக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய வரிசை மேலிருந்து ஏழாவது, என்னுடையது ஆறாவது. இரண்டும் ஒன்றோடொன்று தைபடவேண்டியவை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்தச் சிவப்பை எடுத்துவிட்டுக் கடைத்துணியில் திரும்பத் தை. இது பதின்மூன்று பேரின் வேலை."

அவர் சொன்னது நியாயம். நான் ஒன்றும் சொல்லாமல் வரிசையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் போகவில்லை.

அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பையைத் தானே திறந்தா. சாப்பாட்டு மேசையில் வரிசையை விரித்து, விரலால் தடவிக்கொண்டு போனா. கண் அவ்வளவு தெரியாது, விரல் தெரியும்.

"தையல் பிழையில்லை, பிள்ளை. துணி இழுபட்டிருக்கு. கஞ்சி போடாமல் ஏன் வெட்டினனீ?"

நான் பதில் சொல்லவில்லை. நூல்சீலையின் நெசவு நொய்யது. குவில்டுக்கென்று விற்கிற பருத்தி நெருக்கமானது. கிராஸில் வெட்டிய நொய்ந்த துணி, அழுத்த அழுத்த, தைக்கத் தைக்க நீண்டுகொண்டே போகும். சட்டை வெட்டுகிறவளின் மகளான எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

"பிரி," என்றா அம்மா.

மூன்றாவது செவ்வாய் தாதி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் இன்று வரமாட்டேன், வரிசையைப் பிரிக்கவேண்டும் என்றேன். எத்தனை கட்டம் என்று கேட்டார். ஒன்பது, பட்டிகளோடு சேர்த்து என்றேன். ஒரு மணித்தியாலத்தில் அவரும் இன்னும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் தையல் பிரிக்கிற கருவி.

தைப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பிரிப்பதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. பிரிப்பதும் ஒரு வேலை. ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டு போகவேண்டும். பிறகு மற்றப் பக்க நூலை நுனியில் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். துணி இழுபடாது, துளை பெருக்காது. அவசரப்பட்டு இரண்டு துணியையும் விரித்து நடுவில் கீறினால் கிராஸ் ஓரம் போச்சு. நான்கு பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். அம்மா பாதி பிளேட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையின் முனையில் இருந்தா. அவவும் மூன்று தையலுக்கு ஒன்று. கோண்டாவிலில் பழகிய கையும் கியூபெக்கில் பழகிய கையும் ஒரே கணக்கில் அறுத்துக்கொண்டிருந்ததை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பார்த்தேன்.

யாரோ ஒருவர் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்து, இது என்ன துணி என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. அவ சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சண்டைக்குத் தப்பி, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மெசினைக் கொண்டுபோக முடியாது. தலையைக் கழற்றி, இந்தச் சீலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினோம். நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெருங்கி நகர முடியாமல் நின்றபோது மழை. "அண்டைக்கே இது சாயம் விட்டது," என்றா அம்மா. "மெசின் தலையிலை சிவப்பாய் வடிஞ்சது. துடைச்சுப்போட்டுத் தைச்சனான்." கொடிகாமத்தில் ஒரு மாமரத்தடியில் மேசை ஒன்றில் அந்தத் தலையைப் பூட்டிக் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சீலையை அதற்குப் பிறகு அவ உடுத்தவில்லை.

மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு தாதி கையை நீட்டி அடுத்த கட்டத்தைக் கேட்டார். சிவப்பை எடுத்துவிடச் சொன்னது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேசை முழுவதும் துண்டுகளாகக் கிடந்தது.

அடுத்த நாள் அம்மா கஞ்சி காய்ச்சினா. பச்சையரிசிக் கஞ்சியை வடித்துத் தண்ணீர் சேர்த்து மெல்லிசாக்கி, சீலையின் மிச்சத்தை அதில் தோய்த்து, பிழியாமல் நிழலில் விரித்து, அரைக் காய்ச்சலில் அழுத்தினோம். துணி கடதாசி போல நின்றது. அதிலிருந்து புதிதாக வெட்டி, ஒன்பது கட்டங்களையும் இந்தத் தரம் கடதாசியில் வைத்துத் தைத்தேன். மூன்று மாதம் எடுத்தது. வரிசை அறுபத்துநாலரைக்கு அரைக்கால் அங்குலம் கூடுதலாக வந்தது. அவ்வளவை ஊசிகளால் குத்திப் பரவிவிட்டால் ஏழாவது வரிசையோடு பொருந்திவிடும். தாதியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஊசி குத்தினோம். தையல்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. அவருடைய பக்கத்தை அவர் பிடித்தார், என்னுடையதை நான். அதன் பிறகு குழுவில் ஐந்து பேர் நொய்ந்த துணி வெட்டுவதற்கு முன் கஞ்சி கேட்டு வருகிறார்கள். அம்மா போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறா.

குறைவாக வந்த இரண்டு வரிசைகளில் பட்டிகளைக் கழற்றிச் சற்று அகலமானவற்றை வைத்தோம். உற்றுப் பார்த்தால் தெரியும். சட்டத்தில் பூட்டி மூன்று அடுக்கையும் கையால் ஊடுருவித் தைத்தது இரண்டு குளிர்காலம். ஓரத்தின் வளைவுகளுக்கு நேர்ப்பட்டி படியாது, கிராஸ் பட்டிதான் வேண்டும். அதை மூன்று பேர் செய்தார்கள்.

2018 வசந்தத்தில் முடிந்தபோது பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்று வாக்குவாதம் வந்தது. சிலர் 5602 என்று எழுதலாம் என்றார்கள், படம் ஜேனுடையதுதானே என்று. நான் கூடாது என்றேன். கணக்கு ஆசிரியை ஒரு நாள் முழுக்க இருந்து எண்ணினார். கடினமான சில கட்டங்களில் நாங்கள் துண்டுகளைச் சேர்த்து எளிதாக்கியிருந்தோம். வந்த தொகை 5547. அதைத்தான் தைத்தோம். ஜேன் எண்ணியது அவருடைய 5602. அந்த எண்ணை இன்னொருவர் போட்டுக்கொள்வது சரியில்லை.

எண்ணுக்குக் கீழே ஒவ்வொருவரும் தன் கையெழுத்தில் எழுதி அதன் மேல் தைத்தோம். நான் தமிழில் எழுதினேன். தாதி அம்மாவின் பெயரையும் எழுதச் சொன்னார். பதினான்காவதாக அது இருக்கிறது. எண்பத்தொரு வயதில் தொடங்கியவர் அப்போது எண்பத்தைந்து. தன் பெயரை அவரே பென்சிலால் எழுதினார், நடுக்கத்தோடு. அந்த நடுக்கத்தை ஒரு வளைவும் விடாமல் அப்படியே நாங்கள் தைத்தோம்.

போர்வை யாரிடம் இருப்பது என்பதற்கு மட்டும் வாக்குவாதம் இல்லை. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு கிழமை, ஆளுக்கு நான்கு. என் நான்கு கிழமைகள் தை மாதத்தில் வருகின்றன. மொன்றியலில் குளிர் மிகக் கடுமையான மாதம் அது. அம்மாவின் கட்டிலில் விரிக்கிறேன். ஆறாவது வரிசை அவவின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரும்.